மைகிரேஷன் சிக்கிக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்கு ஜாங்கோ (பைத்தன் மொழியில் வலைச்செயலி எழுத உதவும் கட்டமைப்பு) சொல்லிக்கொடுக்கிறேன். வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, படித்துவிட்டுப் போனவர்கள் இப்போது கடைக்கும் ரியூசன் வகுப்புக்கும் அரிசி ஆலைக்கும் மென்பொருள் எழுதிக்கொடுக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு வருகிற போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "அண்ணா, மைகிரேட் அடிச்சன், என்னவோ வருகுது." மைகிரேஷன் என்பது தரவுத்தளத்தில் செய்ய வேண்டிய மாற்றங்களை எழுதிவைக்கும் கோப்பு. மேக்மைகிரேஷன்ஸ் கட்டளை அதை எழுதும், மைகிரேட் கட்டளை அதை ஓடவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலான உதாரணங்கள் ஒரே திட்டத்திலிருந்து வருகின்றன: படுவான்கரைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நாங்கள் எழுதிய நெல் கொள்வனவுப் பதிவேடு. விவசாயி, மூடை, நிறை, விலை, பற்றுச்சீட்டு, அவ்வளவுதான்.

மைகிரேட் கட்டளை உண்மையில் எதைப் பார்க்கிறது?

உங்கள் அட்டவணைகளைப் பார்க்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. தரவுத்தளத்துக்குள் 'ஜாங்கோ_மைகிரேஷன்ஸ்' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த ஆப் (திட்டத்தின் ஒரு பகுதி), எந்தக் கோப்பு, எப்போது ஓடியது என்று அதில் வரிவரியாக இருக்கும். அந்த அட்டவணையைக் கொப்பி என்று வைத்துக்கொள்வோம். மைகிரேட் அந்தக் கொப்பியைத்தான் வாசிக்கிறது. மைகிரேஷன்ஸ் போல்டரில் இருக்கிற, ஆனால் கொப்பியில் இல்லாத கோப்புகளை வரிசையாக ஓடவிடுகிறது.

மேக்மைகிரேஷன்ஸும் அப்படித்தான். மொடல்ஸ் கோப்பையும் (அட்டவணைகள் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் பைத்தனில் எழுதுவது), ஏற்கெனவே இருக்கும் மைகிரேஷன் கோப்புகளையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைப் புதிய கோப்பாக எழுதுகிறது. உங்கள் அட்டவணையில் என்ன புலங்கள் இருக்கின்றன என்று அதுவும் பார்ப்பதில்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று இறங்கிப் பார்க்காமல், கொப்பியில் 'திறந்தாயிற்று' என்று இருந்தால் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடுகிற வட்டவிதானையை (வயல்களுக்கான தண்ணீரைப் பார்த்துக்கொள்பவர்) நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எந்த வட்டவிதானையும் அப்படிச் செய்யமாட்டார். ஜாங்கோ செய்யும். மொடல், போல்டர், கொப்பி, அட்டவணை இந்த நான்கில் ஏதோ இரண்டு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, கீழே வரும் வழுக்களில் பெரும்பாலானவை இதுதான்.

வழு வந்தவுடன் முதலில் என்ன செய்வது?

கையை விசைப்பலகையிலிருந்து எடுங்கள். பிறகு வழுச்செய்தியைக் கீழிருந்து மேலாக வாசியுங்கள். கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும், மேலே உள்ள ஐம்பது வரிகள் அங்கே வந்த பாதை.

அடுத்து ஷோமைகிரேஷன்ஸ். ஓடிய கோப்புக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, ஓடாததற்கு வெறும் கட்டம். எஸ்கியூஎல்மைகிரேட் என்பதோடு ஆப் பெயரையும் கோப்பு எண்ணையும் கொடுத்தால், அந்தக் கோப்பு தரவுத்தளத்துக்கு என்ன சொல்லப்போகிறது என்பதை ஓடவிடாமலே காட்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

சேர்வரில் என்றால் கைவைக்க முன்னர் ஒரு காப்புப்பிரதி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி_டம்ப், மைஎஸ்கியூஎல் என்றால் மைஎஸ்கியூஎல்டம்ப். எஸ்கியூலைட் என்றால் செயலியை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பைப் பிரதி எடுத்தால் போதும்.

மைகிரேஷன் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

என்னிடம் படித்த ஒரு தம்பி, ஒரு மருந்துக்கடைக்கு எழுதிய திட்டத்தில் அப்படிச் செய்தான். அவனுடைய லப்டொப்பில் தரவுத்தளத்தையும் அழித்ததால் எல்லாம் அழகாக ஓடியது. சேர்வரில் கொப்பியில் 0001 முதல் 0014 வரை இருக்கிறது, போல்டரில் புதிதாக ஒரேயொரு 0001. 'அதுதான் ஏற்கெனவே ஓடிவிட்டதே' என்று ஜாங்கோ பேசாமல் இருந்துவிட்டது. வழுவே வரவில்லை! அன்று புதிதாகச் சேர்த்த இரண்டு புலங்கள் மட்டும் அட்டவணைக்கு வந்துசேரவில்லை. அடுத்தநாள் காலையில் கடையைத் திறந்தவர்கள் முதல் பற்றுச்சீட்டு போடும்போதுதான் தெரிந்தது.

அழிக்கக்கூடிய கோப்பும் உண்டு. நீங்கள் இப்போதுதான் உருவாக்கியது, கிட்டில் (செய்நிரலின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) யாருக்கும் அனுப்பவில்லை, சேர்வரில் ஓடவில்லை என்றால், உங்கள் கணினியில் முந்தின எண்ணுக்கு மைகிரேட் செய்து பின்வாங்கிவிட்டு அழிக்கலாம். மற்றவர் கைக்குப் போய்விட்ட கோப்பு கொடுத்த பற்றுச்சீட்டு மாதிரி. தவறென்றால் திருத்தி இன்னொன்று போட வேண்டும், கிழிக்கக் கூடாது.

இன்னொன்று: மைகிரேஷன்ஸ் போல்டரை கிட் புறக்கணிக்கும் பட்டியலில் போடாதீர்கள். யாரோ எங்கோ அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள், வருடாவருடம் ஒரு பிள்ளை அதைப் பார்த்துச் செய்கிறது.

'நோ சேஞ்சஸ் டிடெக்டட்' என்கிறது. ஆனால் மொடலை மாற்றியிருக்கிறேனே?

மூன்றில் ஒன்று. கோப்பைச் சேமிக்கவில்லை, செற்றிங்ஸில் இன்ஸ்டால்ட்_ஆப்ஸ் பட்டியலில் ஆப்பின் பெயர் இல்லை, அல்லது அந்த ஆப்பில் மைகிரேஷன்ஸ் போல்டரே இல்லை. கடைசியானதற்கு, மேக்மைகிரேஷன்ஸ் கட்டளையோடு ஆப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

புதிய புலம் சேர்த்தால், பழைய பதிவுகளுக்கு என்ன பெறுமதி என்று கேட்கிறது. 0 என்று கொடுத்தால் சரிதானே?

ஓடும். சரியா என்பது வேறு கதை.

ஆலைக்காரர் நெல்லின் ஈரப்பதனையும் பதிய வேண்டும் என்றார். எண் புலம் ஒன்று சேர்த்தோம், வெறுமையாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. அட்டவணையில் ஏற்கெனவே முந்தின போகத்துப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு எதை வைப்பது என்று ஜாங்கோ கேட்கிறது. நியாயமான கேள்வி. வேலைசெய்த பிள்ளை 0 அடித்தது. அந்த மாத அறிக்கையில் சராசரி ஈரப்பதன் 5 சதவீதம் என்று வந்தது. அப்படிக் காய்ந்த நெல்லை எந்த வட்டையிலும் நான் பார்த்ததில்லை.

'அப்போ 14 போடுவோமா, கொள்வனவுக்கு அதுதானே எல்லை' என்றார்கள். அது இன்னும் மோசம். 0 என்றால் பார்த்தவுடன் பொய் என்று தெரியும். 14 என்றால் உண்மை மாதிரியே இருக்கும், யாரும் அளக்காத நெல்லுக்கு அளந்ததாகக் கணக்கு.

தெரியாத பெறுமதிக்குத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: நல். புலத்துக்கு 'நல் = ட்ரூ' என்று கொடுத்து, படிவத்தில் மட்டும் கட்டாயமாக்குங்கள். சராசரி எடுக்கும்போது நல் பதிவுகள் கணக்கில் வராது. பழைய பதிவுகள் எல்லாவற்றுக்கும் உண்மையிலேயே பொருந்துகிற பெறுமதி இருந்தால் மட்டும் டீபோல்ட் (தானாக வைக்கப்படும் பெறுமதி) கொடுங்கள்.

யுனீக் புலம் (ஒரே பெறுமதி இரண்டு பதிவில் வரக் கூடாத புலம்) என்றால் இன்னொரு பொறி. ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் தனிக் குறியீடு வேண்டுமென்று டீபோல்ட்டாக ஒரு பங்ஷனைக் கொடுத்தாலும், மைகிரேஷன் அதை ஒரேயொரு தடவைதான் அழைக்கும். எல்லாப் பழைய பதிவுகளுக்கும் ஒரே குறியீடு விழும், யுனீக் உடனே உடையும். மூன்று கோப்பாகச் செய்யுங்கள்: முதலில் நல் அனுமதியோடு புலம், அடுத்து ரன்பைத்தன் (மைகிரேஷனுக்குள் நம் பைத்தன் பங்ஷனை ஓடவிடும் வழி) மூலம் ஒவ்வொரு பதிவுக்கும் தனிப் பெறுமதி, கடைசியாக யுனீக்.

அடையாள அட்டை இலக்கப் புலத்தை மாற்றும்போதெல்லாம் ஏன் வழு வருகிறது?

நம் நாட்டில் எழுதப்படும் திட்டங்களில் இது இல்லாத ஒன்றைக் காண்பது கஷ்டம். பழைய அட்டையில் 9 இலக்கமும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும், மொத்தம் 10. புதிய அட்டையில் 12 இலக்கம், எழுத்து கிடையாது. 10 என்று நீளம் வைத்த திட்டத்தில் முதல் புதிய அட்டைக்காரர் வந்தவுடன் 'வேல்யூ டூ லோங்' வரும். நீளத்தை 12 ஆக்குவது சின்ன மைகிரேஷன், அதில் சிக்கல் வராது.

புதியதுதான் எல்லாம் எண்ணாயிற்றே என்று சிலர் அதை இன்ரிஜர் (முழு எண்) ஆக்குகிறார்கள். இன்ரிஜர் புலம் 2147483647 வரைதான் தாங்கும், 12 இலக்கம் அதற்குள் அடங்காது. பழைய பதிவுகளில் உள்ள எழுத்தையும் எண்ணாக மாற்ற முடியாது. அதைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண் இல்லை, எழுத்துப் புலம். தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். மட்டக்களப்பின் 065, கல்முனையின் 067, அம்பாறையின் 063 எல்லாம் இன்ரிஜரில் முன் பூச்சியத்தை இழந்துவிடும். பிறகு எழுத்துப் புலமாக மாற்றினாலும் அது தானாகத் திரும்பி வராது, ஒரு டேட்டா மைகிரேஷன் (அமைப்பை அல்ல, உள்ளே இருக்கும் தரவை மாற்றுவது) எழுதிப் போட வேண்டும்.

பெரிய வேலை, பழைய இலக்கங்களைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுவருவது. சூத்திரம் எளிது: முன்னால் 19, அடுத்து பழைய இலக்கத்தின் முதல் ஐந்து, அதன்பின் ஒரு 0, மிச்சம் நான்கு, கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். ரன்பைத்தனுக்குள் பத்து வரி. ஆனால் அதை ஓடவிட்டபோது 'டூப்ளிகேட் கீ' என்று நின்றது. ஏனென்றால் ஒரே விவசாயி ஒரு போகத்தில் பழைய அட்டையோடும், அடுத்த போகத்தில் புதிய அட்டையோடும் வந்து இரண்டு ஆளாகப் பதியப்பட்டிருந்தார். இரண்டு பெயரிலும் பற்றுச்சீட்டுகள், ஒன்றில் முற்பணக் கடன் வேறு.

யுனீக்கைக் கழற்றினால் வழு போய்விடும். கடனும் போய்விடும். மாற்றுவதற்கு முன்னர் மோதப்போகிற பதிவுகளைப் பட்டியலிட்டு ஆலையின் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தோம். எது யாருடையது, எந்தப் பதிவை வைத்திருப்பது என்று அவர்தான் பேனாவால் குறித்துத் தந்தார். அதன்படி பற்றுச்சீட்டுகளை ஒரே ஆளுக்கு மாற்றிவிட்டுத்தான் மைகிரேட்.

ஒரு சின்ன விஷயம்: அட்டை இல்லாதவர்களுக்கு வெறும் எழுத்துத்தொடரைச் சேமித்தால் இரண்டாவது ஆளிலேயே யுனீக் மோதும். நல் எத்தனை இருந்தாலும் மோதாது.

தமிழ்ப் பெயர்கள் வெட்டுப்படுகின்றன, அல்லது கேள்விக்குறியாக வருகின்றன. மைகிரேஷன் பிழையா?

பாதி. முதலில் நீளம். 'மட்டக்களப்பு' நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிக்கோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனி என்பதால் அது 12 குறிகள். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 36 பைட். மக்ஸ்_லெங்த் என்பது இந்தக் குறிகளைத்தான் எண்ணும். ஆங்கிலப் பெயரை நினைத்து 30 வைத்தவர்கள், தகப்பன் பெயரோடு முழுப்பெயர் வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். நான் 150 வைக்கிறேன்.

கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் பழைய மைஎஸ்கியூஎல். தரவுத்தளத்தை லற்றின்1 எழுத்துக் குறியாக்கத்தில் உருவாக்கியிருப்பார்கள், ஜாங்கோ அதே வழக்கத்தில் அட்டவணைகளைக் கட்டிவிடும். கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) இயங்கினால் 'இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ', இலக்கம் 1366 என்று வழு வரும். அது நல்லது. கண்டிப்பு முறை இல்லையென்றால் சத்தமில்லாமல் கேள்விக்குறியாகவே சேமித்துவிடும், அந்தப் பெயரை மறுகா எடுக்க வழியில்லை. தரவுத்தளத்தின் குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். ஆனால் அது புதிய அட்டவணைகளுக்கு மட்டும்தான் செல்லும். பழைய அட்டவணை ஒவ்வொன்றையும் தனியாக மாற்ற, ரன்எஸ்கியூஎல்லோடு (எஸ்கியூஎல் கட்டளையை நேரடியாக ஓடவிடும் வழி) ஒரு மைகிரேஷன் எழுத வேண்டும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி, யூனிக்கோடில் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு. யாரோ பழைய எக்செல் கோப்பை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். தரவுத்தளத்தில் எந்தத் தவறும் இல்லை. பாமினியை யூனிக்கோடாக்கும் மாற்றி ஒன்றைத் தனிக் கட்டளையாக எழுதி, முதலில் பத்துப் பெயரில் ஓடவிட்டுப் பாருங்கள். சில பதிவு பாமினி, சில பதிவு நிஜ ஆங்கிலம் என்று கலந்து கிடக்கும்.

'கன்ஃபிளிக்டிங் மைகிரேஷன்ஸ்' என்றால்?

நீங்கள் வந்தாறுமூலையில் இருந்து ஒரு 0008 எழுதினீர்கள், உங்கள் நண்பர் ஒலுவிலில் இருந்து இன்னொரு 0008. இரண்டும் 0007 இலிருந்து கிளைத்தவை. எது முன், எது பின் என்று ஜாங்கோவுக்குத் தெரியவில்லை.

ஒருவருடையது இன்னும் வெளியே போகவில்லை என்றால் அதை அழித்து, மற்றவருடையதை எடுத்து, மேக்மைகிரேஷன்ஸை மறுபடி ஓடவிடுவது சுத்தம். இரண்டும் போய்விட்டது, இரண்டும் வெவ்வேறு புலங்களைத் தொடுகின்றன என்றால் மேக்மைகிரேஷன்ஸோடு மேர்ஜ் தெரிவைக் கொடுங்கள், 0009 வந்து இரண்டையும் இணைத்துவிடும். இருவரும் ஒரே புலத்தை மாற்றியிருந்தால் எந்தக் கட்டளையும் உதவாது. ஒருவருக்கொருவர் போன் எடுத்துப் பேசுங்கள்.

'டேபிள் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' வந்தது. ஃபேக் போட்டால் சரியாகும் என்கிறார்களே?

அட்டவணை இருக்கிறது, கொப்பியில் வரி இல்லை. ஃபேக் தெரிவு செய்வது ஒன்றே ஒன்று: ஓடாத கோப்பை ஓடியதாகக் கொப்பியில் எழுதுவது. அட்டவணையும் கோப்பும் உண்மையிலேயே ஒன்று என்று எஸ்கியூஎல்மைகிரேட்டோடு ஒப்பிட்டு உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஃபேக் போடலாம். எண்ணைக் குறிப்பிடாமல் பொதுவாக ஃபேக் அடித்தால் மிச்சம் இருக்கும் எல்லாமே ஓடியதாக எழுதப்பட்டுவிடும். வழு மறையும். மூன்று நாள் கழித்து 'நோ சச் கொலம்' என்று வேறு பக்கத்திலிருந்து எட்டிப்பார்க்கும்.

வெறுமையான தரவுத்தளம்தான். அதில் மைகிரேட் அடித்தாலே 'நோ சச் டேபிள்' வருகிறதே?

உங்கள் செய்நிரல் ஏற்றப்படும்போதே எங்கோ தரவுத்தளத்தைக் கேட்கிறது. பெரும்பாலும் படிவத்தில், கிராமங்களின் பட்டியலை வகுப்பின் மேற்பகுதியிலேயே எடுத்திருப்பீர்கள். அட்டவணையை உருவாக்க மைகிரேட் ஓட வேண்டும், மைகிரேட் ஓட அட்டவணை வேண்டும். அந்த வினவலை இனிட் பங்ஷனுக்குள் தள்ளுங்கள்.

மைகிரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது?

ஐப்பசி இடிமழைக் காலத்தில் வருகிற போன் இது. பதில், எந்தத் தரவுத்தளம் என்பதில் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூலைட்டிலும் ஒரு மைகிரேஷன் கோப்பு முழுவதும் ஒரே பரிவர்த்தனை. பாதியில் நின்றால் அந்தக் கோப்பு தொடங்கவே இல்லை என்ற நிலைக்குத் திரும்பிவிடும். கரண்ட் வந்ததும் மறுபடி அடியுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் அப்படி இல்லை. அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் உடனேயே நிரந்தரமாகிவிடும். மூன்று புலம் சேர்க்கும் கோப்பு இரண்டாவதோடு நின்றால், இரண்டு புலம் அட்டவணையில் இருக்கும், கொப்பியில் வரி இருக்காது. மறுபடி ஓடவிட்டால் 'டூப்ளிகேட் கொலம் நேம்'. எஸ்கியூஎல்மைகிரேட்டைப் பார்த்து, ஏறிவிட்ட இரண்டு புலங்களையும் கையால் நீக்கிவிட்டு மறுபடி மைகிரேட் செய்யுங்கள். இந்தத் தொல்லைக்காகவே மைஎஸ்கியூஎல் திட்டங்களில் ஒரு கோப்புக்கு ஒரு மாற்றம் என்று வைத்திருக்கிறேன். புதிய திட்டமென்றால் போஸ்ட்கிரெஸ்தான், இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

புலத்தின் பெயரை மாற்றினேன், உள்ளே இருந்த தரவு எல்லாம் போய்விட்டது!

'பெயர் மாற்றினீர்களா?' என்று மேக்மைகிரேஷன்ஸ் கேட்டிருக்கும். வாசிக்காமல் என்ரர் அடித்திருப்பீர்கள். அங்கே என்ரர் என்றால் 'இல்லை' என்று அர்த்தம். பழைய புலத்தை நீக்கு, புதிதாக ஒன்று சேர் என்று கோப்பு எழுதப்பட்டுவிட்டது. காப்புப்பிரதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். மைகிரேட் செய்ய முன்னர் கோப்பைத் திறந்து பாருங்கள், 'ரிமூவ்ஃபீல்ட்' என்ற சொல் கண்ணில் பட்டால் நில்லுங்கள்.

இடையில் சொந்த யூசர் மொடல் சேர்த்தேன். 'இன்கன்சிஸ்டன்ட் மைகிரேஷன் ஹிஸ்டரி' என்கிறது.

ஜாங்கோவோடு வரும் அட்மின் ஆப்பின் முதல் கோப்பு உங்கள் யூசர் மொடலில் தங்கியிருக்கிறது. ஆனால் கொப்பியில் அட்மின் ஏற்கெனவே ஓடிவிட்டது, உங்களுடையது இன்னும் இல்லை. தரவு எதுவும் சேரவில்லையென்றால் தரவுத்தளத்தை அழித்துத் தொடங்குங்கள், வெட்கமில்லை. தரவு இருந்தால் இருக்கிற யூசரையே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒன்றுக்கொன்று தொடர்போடு ஒரு சுயவிவர மொடல் போடுவதுதான் என் ஆலோசனை. அடுத்த திட்டத்தில் முதல் நாளே சொந்த யூசர் மொடலை வையுங்கள்.

இணையத்தில் பார்த்த பதில் 'சிங்டிபி அடி' என்கிறது. அந்தக் கட்டளையே இல்லையே?

பழைய பதில். சிங்டிபி என்பது அந்தக் காலத்தில் அட்டவணைகளை உருவாக்கிய கட்டளை. 2014 இல் ஜாங்கோ 1.7 வந்தபோதுதான் மைகிரேஷன் உள்ளேயே சேர்ந்தது. அதற்கு முன்னர் ஆண்ட்ரூ காட்வின் எழுதிய சவுத் என்ற தனிப் பொதியைப் பயன்படுத்தினோம், ஜாங்கோவுக்குள் வந்ததையும் எழுதியவர் அவர்தான். சிங்டிபி 1.9 இல் நீக்கப்பட்டது. எந்தப் பதிலானாலும் வருடத்தைப் பாருங்கள்.

ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது புலம் ஒன்றின் அர்த்தத்தையே மாற்ற வேண்டியிருந்தால்?

கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 1924 இல் திறந்த பழைய பாலம் ஒடுக்கமானது, ஒரு பக்கம் வாகனம் வரும்போது மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். அதை உடைத்துவிட்டு அதே இடத்தில் கட்டவில்லை. பக்கத்திலேயே புதியதைக் கட்டி, 2013 இல் திறந்து, வாகனங்களை அதற்கு மாற்றினார்கள். கட்டும் காலமெல்லாம் மக்கள் பழையதில் போய்வந்தார்கள்.

நாங்கள் மூடைக்கு இவ்வளவு என்று விலையைப் பதிந்துவந்தோம். மூடைகளின் நிறை ஒரே மாதிரி இல்லாததால் கிலோ விலையாக மாற்றச் சொன்னார்கள். இருந்த புலத்துக்குள்ளேயே எண்களைப் பிரித்து எழுதியிருக்கலாம். நடுவில் ஏதாவது நின்றிருந்தால், எந்த எண் மூடைக்கு, எந்த எண் கிலோவுக்கு என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அதனால் முதல் வாரம் 'கிலோ_விலை' என்று நல் அனுமதியோடு புதிய புலம், புதிய பற்றுச்சீட்டுகள் இரண்டு புலத்திலும் எழுதும். இரண்டாவது, பழைய பதிவுகளுக்கு மூடை விலையை மூடையின் நிறையால் வகுத்து நிரப்பும் டேட்டா மைகிரேஷன். இதைத் தனிக் கோப்பாக வையுங்கள். ஒரே கோப்பில் தரவையும் அமைப்பையும் மாற்றினால் போஸ்ட்கிரெஸ் 'பெண்டிங் ட்ரிகர் ஈவன்ட்ஸ்' என்று மறுக்கக்கூடும். மூன்றாவது, அறிக்கைகள் எல்லாம் புதிய புலத்தை மட்டும் வாசிக்கும். பழையதை நீக்குவது நான்காவது.

முதல் மூன்றும் தை மாதத்துக்குள் முடிந்தன. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வரும்போது சேர்வரில் கைவைப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. பழைய விலைப் புலம் இன்னும் அங்கேயே இருக்கிறது. சிறுபோகமும் ஒருமுறை அறுத்து முடியட்டும் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.